பக்கத்துலதான் நின்னேன்

பாஸ்கரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை வாகட் பேட்டை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. லிஃப்டில் ஏறினால் பாதியில் நின்றுவிடும் என்று பயம். அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவன் இரண்டு தடவை எழுந்து போய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பான். "ஒரு நிமிஷம் பேசலாமா" என்று மேனேஜர் செய்தி அனுப்பினால் போச்சு, அன்றைக்கு மதியச் சோறு தொண்டையில் இறங்காது. அப்பேர்ப்பட்டவன் கையில் ஏழு மாதக் குழந்தையை முழுசாக ஒரு பகல் ஒப்படைத்துவிட்டு, அவன் மனைவி சுப்ரஜா அந்தப் புதன்கிழமை காலை ஹிஞ்சேவாடிக்குக் கம்பெனி வண்டி ஏறினாள். பிரசவ விடுப்பு முடிந்து அவளுக்கு அதுதான் முதல் நாள். அவன் லீவு போட்டிருந்தான்.

அவளும் லேசில் போய்விடவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அவன் கையில் கொடுத்தாள். லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து கன்னத்தைத் தடவினாள். கீழே இறங்கியதும் ஒரு தடவை போன் செய்தாள். அவள் சொல்லிப் போனதையெல்லாம் எழுதினால் ஒரு நோட்டு நிறையும். அதில் முக்கியமானவை இரண்டு.

"தேஜு தூளில இருக்கறப்ப பக்கத்துலயே இரு. அந்தக் கறுப்புப் பொட்டிகிட்ட போகாத, சொல்லிட்டேன்."

போகவே மாட்டேன் என்றான் பாஸ்கர். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னான்.

கறுப்புப் பெட்டி என்பது ஒரு சப்வூஃபர். ஆபீஸ் நண்பன் ஷ்யாம் வேறு வேலை கிடைத்து பெங்களூருக்குப் போனபோது, சாமான் லாரியில் இடமில்லை என்று இவன் தலையில் கட்டிவிட்டுப் போனது. முழங்கால் உயரம், இருபது கிலோ கனம். படத்தில் குண்டு வெடித்தால் காதுக்கு முன்னால் வயிற்றுக்குத் தெரியுமே, அந்த அடிவயிற்று ஓசையை மட்டும் தருகிற ஒலிபெருக்கி. மூன்று வாரமாக டி.வி.க்குப் பக்கத்தில் கும்மென்று உட்கார்ந்திருந்தது. படம் போட்டால் எல்லாரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது. ஷ்யாமிடம் கேட்டதற்கு, பெட்டியில் கோளாறு ஒன்றும் இல்லை, அதற்கு இடம் பார்த்து, அளவு பார்த்து உன் ஹாலுக்குப் பழக்க வேண்டும், ஒரு மணி நேர வேலை, ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போது செய்தால் அடிதான் விழும் என்று சிரித்தான்.

இனித் தூளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

தேஜஸ்வினி கட்டிலில் தூங்காத பிள்ளை. காலில் சக்கரம் வைத்த விலை உயர்ந்த தொட்டிலிலும் தூங்கவில்லை. சேலையில் தூளி கட்டித்தான் பார்ப்போமே என்றாள் சுப்ரஜா. எதில் கட்டுவது? ஊரில் வீடு கட்டும்போதே அதற்கென்று ஒரு கொக்கி வைத்துவிடுவார்கள். இங்கே படுக்கையறைக் கூரை முழுக்க வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். அட்டை மாதிரி ஒரு பலகை, அதைத் தாங்க மெல்லிய தகரச் சட்டம், அதற்கும் அரை அடி மேலேதான் கான்கிரீட். பலகையை அறுத்து, மேலே கான்கிரீட்டில் துளை போட்டு, நீளமான போல்ட்டை இறுக்கி அதில் கொக்கி தொங்க வேண்டும், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனாள்.

சீலிங் வேலை செய்கிற வடக்கத்தி ஆள் ஒருவனை, ஒரு பய்யாவை, வாட்ச்மேன் மூலம் பிடித்து வந்தான் பாஸ்கர். "ஹோ ஜாயேகா சாப்", ஆகிவிடும் சார் என்றான் அவன். பாஸ்கர் பக்கத்தில் நிற்கத்தான் செய்தான், ஏணி போடுகிற வரைக்கும். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன். பால்கனிக்குப் போனவன் இருபது நிமிஷம் கழித்துத் திரும்பியபோது கொக்கி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. பய்யா அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினான். கான்கிரீட்டில்தானே என்று இவன் கேட்டான். அவன் தலையை எந்தப் பக்கம் ஆட்டினான் என்று இவனுக்குச் சரியாக நினைவில்லை.

சுப்ரஜா வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கான்கிரீட்லதான் போட்டானா? நீ பாத்தியா?"

"பக்கத்துலதான் நின்னேன்" என்றான் பாஸ்கர்.

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதில்லை. திட்டு வாங்கப் பயந்தவன் வாயில் முதலில் வந்து நின்றது அது. ஒரு பொய்யோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அவன் வீட்டுக்கு நேர் கீழே, பத்தாவது மாடியில், கோகுல்நாத்தும் நீலாவும் குடியிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், நாலு மாதப் பெண் குழந்தை. கோகுல்நாத் ஒரு நாள் வந்து கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, கெட்டியாக இருக்குமா என்று கேட்டான். பாஸ்கர் அதே வார்த்தையை அவனிடமும் சொல்லி, பய்யாவின் நம்பரையும் கொடுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டிலும் ஒரு கொக்கி தொங்கியது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் ஓடிவிட்டது.

இன்னொரு சங்கதியும் உண்டு. பத்து நாளாகத் தூளிக்குள் பவுடர் அதிகமாகக் கிடந்தது. குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, முகம் கழுத்து அக்குள் என்று பவுடரை அப்பித் தூளியில் போடுவதுதானே நம் வழக்கம். சுப்ரஜா சேலையை உதறும்போதெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. டப்பாவைக் கவிழ்த்துவிட்டாயா என்று பாஸ்கரைத் திட்டினாள். இல்லவே இல்லை என்று இரண்டு நாள் சாதித்தவன், மூன்றாம் நாள் தான்தான் கொட்டியிருப்போமோ என்று நம்பிவிட்டான்.

புதன்கிழமை பத்தரை மணிக்குத் தேஜு தூங்கினாள். பாஸ்கர் நாற்காலியைப் போட்டுத் தூளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தான். வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்த்தான். அப்போதும் வந்தது. பயந்த மனுஷனைச் சும்மா உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. தூக்கத்தில் பால் கக்கினால்? ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தால்? மின்சாரம் போனால்? இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இருந்தான். பதினொன்றுக்கு ஷ்யாம் கூப்பிட்டு, இன்றைக்குத்தானே வீடு காலி, பெட்டியைத் தொட்டாயா இல்லையா என்று கேட்டபோது, அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டால் ஹாலிலிருந்து தூளி தெரியும், அதுவும் பக்கத்தில் இருப்பதுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான்.

ஷ்யாம் சொன்ன முறை வேடிக்கையாக இருந்தது. நீ உட்கார்ந்து படம் பார்க்கிற சோபாவில் பெட்டியைத் தூக்கி வை. டி.வி.யில் சோதனை ஓசையை ஓடவிடு. பிறகு நீ குழந்தை மாதிரி முட்டி போட்டு ஹால் முழுக்கத் தவழ்ந்து வா. தரையோடு தலை வைத்துக் கேட்கும்போது எந்த மூலையில் ஓசை நிறைவாக, வீங்காமல் கேட்கிறதோ, அங்கேதான் பெட்டி இருக்க வேண்டும். ஆளும் பெட்டியும் இடம் மாறிக்கொள்வது, அவ்வளவுதான்.

இருபது கிலோவைச் சோபாவில் ஏற்றுவதற்குள் பாஸ்கருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஓசையை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கினான். ம்ம்ம்ம் என்று வண்டு உறுமுவதைப் போல ஆரம்பித்து ஹால் முழுக்கப் பரவியது. ஓடிப்போய்த் தூளியைப் பார்த்தான். தேஜு ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் ஆழமாகத் தூங்கினாள். அந்த உறுமல் அவளுக்குத் தாலாட்டாகிவிட்டது போலிருக்கிறது. சரி, ஒரு பயம் குறைந்தது.

அடுத்த பயம் கீழ் வீடு. நீலா வந்து பெல் அடித்தால் என்ன சொல்வது? குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிட்டால்? அவள் எழுதினால் செகரெட்டரி கூப்பிடுவார், செகரெட்டரி கூப்பிட்டால் சுப்ரஜாவுக்குத் தெரியும். தவழ்கிறவன் நாலு அடிக்கு ஒரு தடவை வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தான். பெல் அடிக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று சொல்லிக்கொண்டு ஓசையை ஒரு திருகு கூட்டினான். பத்து நிமிஷம் போயும் யாரும் வராததால் இன்னொரு திருகு கூட்டினான். கோழைக்குத் துணிச்சல் வந்தால் இப்படித்தான் கணக்கில்லாமல் வரும்.

ஹால் முழுக்கத் தவழ்ந்ததில் நல்ல இடம் கடைசியில் அகப்பட்டது. படுக்கையறைச் சுவரை ஒட்டிய மூலை. பெட்டியை அங்கே இறக்கித் தரையில் வைத்தான். இப்போது அது சோபா மெத்தையின் மேல் இல்லை, வெறும் டைல்ஸின் மேல் நின்றது. போனில் இருந்த சத்தம் அளக்கும் செயலியில் எண் எழுபத்தைந்தில் நிற்கும் வரை பின்பக்கத் திருகைத் திருப்பச் சொன்னான் ஷ்யாம். அதையும் செய்தாயிற்று. இனி இருபது ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்று இருபது வரைக்கும் ஒவ்வொரு ஓசையாக ஓடவிட்டு, வீட்டில் எது நடுங்குகிறதோ அதையெல்லாம் பிடித்து அடக்கு, எனக்கு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

முப்பத்து நான்கு ஹெர்ட்ஸில் வீடே பல்லை நறநறவென்று கடித்தது.

எதையோ உடைத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு ஷ்யாம் சொல்லிக் கொடுத்த வழி நினைவுக்கு வந்தது. அந்த ஒரே ஓசையை நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு பொருளின் மேலும் கையை வை. எதன் மேல் கை வைத்தவுடன் நடுக்கம் நிற்கிறதோ அதுதான் திருடன். முதல் திருடன் ஷோகேஸ் கண்ணாடி. இடுக்கில் காகிதத்தை மடித்துச் செருகினான். அடுத்தது சமையலறையில் ஸ்டீல் தட்டு ஸ்டாண்ட். கைத்துண்டைச் சுற்றினான். சுவரில் முருகன் படம், அதன் பின்னால் பஞ்சு. ஜன்னல் கொசுவலைச் சட்டம், குத்துவிளக்கின் தலைப்பாகம், டி.வி. ரிமோட் கிடந்த கண்ணாடித் தட்டு. ஒவ்வொன்றாக அடங்க அடங்க அவனுக்கு ஒரு பெருமை கூட வந்தது.

எல்லாம் அடங்கிய பிறகும் ஒன்று மட்டும் அடங்கவில்லை. டிக்டிக்டிக் என்று சன்னமாக, யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. ஹாலில் நின்று இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் கேட்டான். சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது.

மெல்ல உள்ளே போனான். தூளி அசையாமல் தொங்கியது. சேலைக்கு வெளியே தேஜுவின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. குறுக்குக் கட்டையில் கை வைத்தான், நிற்கவில்லை. மேலே இரும்பு ஸ்பிரிங்கைப் பிடித்தான், நிற்கவில்லை. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தான்.

கொக்கியின் தட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியில் கொக்கி நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்க நடுங்க அதைச் சுற்றிலுமிருந்து வெள்ளைப் பொடி சலித்த மாவைப் போல இறங்கிக்கொண்டே இருந்தது. குனிந்து தூளிக்குள் பார்த்தான், தேஜுவின் புருவத்தில், இமையில், திறந்த வாயின் ஓரத்தில் எல்லாம் வெள்ளை. ஒரு விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனான். பவுடர் வாசனை இல்லை. வெள்ளையடித்த சுவரின் வாசனை அடித்தது.

பத்து நாள். பத்து நாளாக இது கொட்டியிருக்கிறது.

ஓடிப்போய் ஓசையை நிறுத்தலாம் என்று ஒரு கால் எழுந்தது. டி.வி. எட்டு அடி தூரம். அந்த எட்டு அடிக்குள் இது விழுந்தால்? எழுந்த கால் அப்படியே நின்றது. இரண்டு கையையும் தூளிக்கு அடியில் கொடுத்து, குழந்தையோடு சேலையையும் நெஞ்சுக்கு ஏந்தினான். கனம் கைக்கு வந்தது. மேலே டிக்டிக் சத்தம் இப்போது கடகடவென்று கேட்டது. குழந்தையை வெளியே எடுக்க ஒரு கை வேண்டும், அந்தக் கையை எடுத்தால் கனம் மறுபடி கொக்கிக்குப் போகும். கை கால் ஓடவில்லை என்பார்களே, அவனுக்குக் கை ஓடவும் இடமில்லை. முருகா முருகா என்று வாய் தானாகச் சொன்னது. தன் முதுகை வளைத்து, தலையைக் கொக்கிக்கு நேர் கீழே கொண்டுவந்தான். விழுந்தால் தன் மண்டையில் விழட்டும். இடது முழங்கையில் மொத்தக் கனத்தையும் வாங்கிக்கொண்டு, வலது கையால் சேலையை விலக்கித் தேஜுவை இழுத்தான். அவள் விழித்துக்கொண்டாள். அப்பனைப் பார்த்தாள், வீலென்று கத்தினாள். விரலில் சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துக்கொண்டு அறை வாசல் வரைக்கும் பின்னால் நடந்தான்.

வெறுந்தூளி தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ்கர் ஓரடி முன்னால் வந்து எட்டிக் கையை நீட்டி, சேலை நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். கோலம் போடுகிற வலுக்கூட வேண்டியிருக்கவில்லை. கொக்கி, ஸ்பிரிங், கட்டை, தட்டு அகலத்துக்குக் கூரைப் பலகை எல்லாமாகச் சேர்ந்து தரையில் வந்து விழுந்தன. ஸ்பிரிங் விழுந்த இடத்தில் டைல்ஸ் விரிசல் விட்டது. கொக்கித் தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தவை இரண்டு திருகாணிகள். சுவிட்ச் போர்டுக்குப் போடுவார்களே, அந்த ஒரு அங்குலத் திருகாணி. மேலே ஓட்டைக்குள் வளைந்த தகரம் தெரிந்தது. அதற்கும் மேலே கான்கிரீட், ஒரு துளை கூட இல்லாமல், பில்டர் விட்டுப் போன மாதிரியே இருந்தது.

அழுகிற குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, டி.வி. பிளக்கைக் காலால் உதைத்துப் பிடுங்கினான். உறுமல் நின்றது. நின்ற பிறகுதான் உள்ளங்காலில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த நடுக்கம் அவனுக்கே தெரிந்தது. தரை நடுங்கியிருக்கிறது. முக்கால் மணி நேரமாகத் தரை நடுங்கியிருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே நீலாவின் படுக்கையறை. அங்கேயும் அதே பய்யா போட்ட கொக்கி. பத்தரை மணிக்குக் குழந்தையைத் தூளியில் போடுவதை நீலாவும் சுப்ரஜாவும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறவர்கள்.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை. இவ்வளவு நேரமும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த மௌனம் இப்போது அவன் கழுத்தைப் பிடித்தது.

நீலாவுக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான், மறுபடியும் அதேதான். கோகுல்நாத்துக்குப் போட்டதற்கு, மீட்டிங்கில் இருப்பதாகப் பதில் செய்தி வந்தது. போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினான். லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்றிருந்தது. படியில் இறங்கினான். ஒரு கையில் தேஜு, ஒரு கை கைப்பிடியில். வழுக்கினால் இவளும் போவாள் என்று ஒவ்வொரு படியிலும் தோன்றியது, ஆனாலும் ஓடினான்.

நீலா வீட்டுக் கதவில் பெல்லின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குழந்தை தூங்குகிறது, பெல் அடிக்க வேண்டாம் என்று இந்தியில் எழுதியிருந்தது. பெல்லை அமுக்கினான். சுவிட்சையே அணைத்து வைத்திருந்தார்கள் போலும், சத்தமே வரவில்லை. கையால் தட்டினான். பிறகு அறைந்தான். தேஜு உச்சஸ்தாயியில் கத்தினாள். எதிர் வீட்டு மராத்தி அம்மாள் எட்டிப் பார்த்து என்ன ஏது என்று கேட்டதற்கு, அவன் திரும்பாமல் மறுபடி கதவை அறைந்தான். உள்ளே என்ன கிடக்கும் என்று அவன் கண்ணுக்குள் ஓடியதை எழுதவே கை கூசுகிறது. அது விழுந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், தான் ஸ்டீல் தட்டுக்குத் துண்டு சுற்றிக்கொண்டிருந்த நேரத்திலா, பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்திலா என்று மனசு கணக்குப் போட்டது. கதவில் நெற்றியை வைத்து, நீலா நீலா என்று கூப்பிட்டான். குரல் பாதி அழுகையாக வந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

நீலா நின்றாள். தலை கலைந்து, கண் சிவந்து, முகத்தில் கடுகு போட்டால் பொரியும். தோளில் துண்டு, துண்டின் மேல் குழந்தை. குழந்தை விழித்திருந்தது. கையைச் சப்பிக்கொண்டு பாஸ்கரைப் பார்த்தது.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினான். நீலாவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அவள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். உறுமல் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் பாப்பா எழுந்து கத்த ஆரம்பித்தவள் தூளியில் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டாளாம். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் தாங்காமல் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் அங்கேயே நடந்தாளாம். அதனால்தான் போன் கேட்கவில்லை, கதவைத் தட்டியதும் கடைசியில்தான் கேட்டது.

"மேல வந்து நாலு வார்த்தை கேக்கலாம்னுதானுங்ண்ணா இருந்தேன். உங்க பாப்பா தூங்குவாளேன்னு வரல. உங்களுக்கு அந்த நெனப்பு வேண்டாமுங்களா?"

"தூளி எங்க இருக்கு?" என்றான் பாஸ்கர். "நீலா, உள்ள போய்ப் பாக்கணும்."

அவன் முகத்தைப் பார்த்து அவள் நிறுத்தினாள். இரண்டு பேரும் குழந்தைகளோடு படுக்கையறைக்குப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. நீலா தள்ளினாள்.

தூளி தரையில் கிடந்தது. பச்சைச் சேலை குவியலாக, அதன் நடுவே பாப்பாவின் சின்னத் தலையணை, தலையணையின் மேல் இரும்பு ஸ்பிரிங். பக்கத்தில் கூரைப் பலகையின் துண்டு. எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

நீலா குழந்தையின் பின்னந்தலையில் கையை வைத்து மூடிக்கொண்டாள். பால்கனியில் இருக்கும்போது லேசாக ஏதோ விழுந்தது கேட்டது, உங்கள் வீட்டில் என்று நினைத்தேன் என்றாள். பிறகு குனிந்து கொக்கியை எடுத்தாள். திருகாணியைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், பாஸ்கரைப் பார்த்தாள்.

"பக்கத்துல நின்னு பாத்தேன்னு சொன்னீங்களேண்ணா. எங்க வீட்டுக்காரரு அதை நம்பித்தானே அந்தாளைக் கூப்பிட்டாரு?"

பாஸ்கருக்கு வழி இல்லாமல் இல்லை. நின்றேன், பார்த்தேன், பாவி என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டான் என்று பய்யாவின் தலையில் போட்டுவிடலாம். யார் போய் அவனைத் தேடிப் பிடிக்கப் போகிறார்கள்? அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சுப்ரஜா. சாப்பாட்டு இடைவேளை. அவசரத்தில் எதையோ அமுக்கினான், போன் ஸ்பீக்கரில் போய்விட்டது.

"தூங்கினாளா? பக்கத்துலயே இருக்கியா?"

அறை முழுக்க அவள் குரல் கேட்டது. நீலா கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேஜு அழுது ஓய்ந்து அவன் சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவள் இமையில் இன்னும் பொடி இருந்தது.

"நான் நிக்கல, சுப்ரஜா" என்றான். "அன்னிக்கு அந்தாளு கொக்கி போடறப்ப நான் பக்கத்துல நிக்கல. பால்கனில போன் பேசிட்டு இருந்தேன். உன்கிட்டயும் பொய் சொன்னேன், இவங்ககிட்டயும் பொய் சொன்னேன். ரெண்டு வீட்டுலயும் பிச்சுக்கிட்டு விழுந்துடுச்சு."

எதிர்முனையில் அவள் ஆபீஸ் சாப்பாட்டுக் கூடத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"தேஜு எங்க?"

"என் கையில. ஒண்ணும் ஆகல. நீலா பாப்பாவும் நீலா கையில இருக்கு."

"கீழ வைக்காத" என்றாள் சுப்ரஜா. குரல் அவளுடையதாகவே இல்லை. "கட்டில்ல வைக்காத, தரைல வைக்காத. நான் வர்ற வரைக்கும் கையிலயே வச்சிரு. வர்றேன்."

ஹிஞ்சேவாடியிலிருந்து வாகட் ஒன்றும் தூரமில்லை, ஆனால் அந்த ரோட்டில் வண்டி நகர வேண்டுமே. அவள் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் பாஸ்கர் நீலா வீட்டு ஹாலின் நடுவில், ஃபேனும் விளக்கும் தலைக்கு மேலே இல்லாத இடமாகப் பார்த்து, குழந்தையோடு நின்றான். நீலா அவனைப் போகச் சொல்லவில்லை. அவளும் குழந்தையைக் கீழே வைக்காமல் எதிரே சுவரோரமாக நின்றாள். தேஜு தோளிலேயே தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. மாற்றிப் பிடித்தால் விழுந்துவிடுவாளோ என்று பயந்து, மரத்த கையை மாற்றாமலேயே நின்றான்.